புதுப் பேரிங் போட்டும் முள் ஏறவில்லையே!

மயிலாடியில் உளிச் சத்தத்தோடு சேர்ந்து கேட்பது டீசல் எஞ்சின் சத்தம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரின் கல் சிற்பங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சிற்பிகளின் கைத்திறமையை எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் கைக்கு வருமுன்பு பாறையைக் குடைந்து, பிளந்து, தூக்கிப் பட்டறை வாசலில் இறக்குகிற வேலை முழுவதும் எஞ்சின்களுடையது.

அதில் ஒரு கம்ப்ரஸர் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். பாறையில் குழி போடும் ஜாக்ஹேமருக்குக் காற்று கொடுப்பது அதன் வேலை. உழவு டிராக்டருக்கு வரப்பில் திரும்பும்போதாவது கொஞ்சம் ஓய்வு உண்டு. இது நின்ற இடத்தில் நின்று, ஒரே வேகத்தில், கல்பொடி பறக்கும் காற்றை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். ஒரு நாள் அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று சத்தம் கிளம்பும். ஆயில் கேஜின் முள் தரையில் கிடக்கும். அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினால் கனெக்டிங் ராடு பேரிங்கின் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரியும். புதுப் பேரிங் வாங்கிப் போட்டு, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்வார்கள். சத்தம் போய்விடும். முள்ளும் முதலில் நன்றாகவே ஏறும். அரை மணி நேரம் ஓடி எஞ்சின் சூடானதும் மெல்ல இறங்கிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

“அண்ணாச்சி, பேரிங் எல்லாம் புதுசு. பின்ன எப்பிடி பிரஷர் இல்லாம போவும்?”

மெக்கானிக் ஷெட்டில் அடிக்கடி எழும் கேள்வி இது. பதிலைக் கேஜில் தேடுவதைவிட அடுக்களையில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இடியாப்ப உரலை எடுத்துக்கொள்ளுங்கள். இரு கையாலும் அமுக்குகிற உரல் வேண்டாம். மேலே கைப்பிடியைப் பிடித்துத் திருகுகிற பித்தளை உரல்.

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் திருகாணியின் ஒரு புரி அளவுக்கு உள்ளே தட்டு இறங்கும். அந்த அளவு மாவு எப்படியாவது வெளியே போயாக வேண்டும். இரண்டு சுற்றென்றால் இரண்டு மடங்கு மாவு. எஞ்சினின் ஆயில் பம்பும் இதே வகைதான். கிராங்க் சுற்றும்போது பல்சக்கரம் வழியாகப் பம்பும் சுற்றும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று அளந்து தள்ளும். ஐட்லிங்கில் கொஞ்சம், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதிகம். தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது சில்லைக் கழற்றிவிட்டு உரலைத் திருகிப் பாருங்கள். மாவு மொத்தமாகப் பொத்தென்று விழும். மணிக்கட்டுக்கு ஒரு பாரமும் தெரியாது. மெல்லிய துளையுள்ள இடியாப்பச் சில்லைப் போட்டதும் அதே கை, அதே மாவு, அதே திருகலுக்கு நரம்பு புடைக்கிறது. அந்தத் திணறல்தான் பிரஷர். அதை உண்டாக்குவது திருகுகிற கை இல்லை. துளை சிறியதாக இருப்பதுதான். கேஜ் முள் காட்டுவது உங்கள் மணிக்கட்டு உணரும் அந்தச் சுமையை. “பிரஷர் இல்லை, அப்படியானால் பம்ப் போச்சு” என்று முதல் பேச்சிலேயே பம்புக்கு ஆர்டர் போடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தவற விடுகிறார்கள்.

துளைகள் எங்கே? நம்மூர் டிராக்டர்களில் வெகுவாகப் பழகிய மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சினையே பார்க்கலாம். மூன்று சிலிண்டர் கிராங்குக்கு நான்கு மெயின் பேரிங். அதில் தொங்கும் மூன்று கனெக்டிங் ராடுக்கு மூன்று பேரிங். இவை போக கேம் ஷாஃப்ட் உட்காரும் இடங்கள், மேலே ராக்கர் ஷாஃப்ட். பம்ப் தள்ளும் ஆயில் ஃபில்டரைக் கடந்து, பிளாக்கில் நீளவாக்கில் குடைந்திருக்கும் மெயின் கேலரிக்கு வரும். அதுதான் உரலின் வயிறு. அங்கிருந்து முதலில் மெயின் பேரிங்குகளுக்குப் போகும். மெயினிலிருந்து கிராங்குக்குள் சாய்வாகத் துளைத்த வழியாக ராடு பேரிங்குக்கு. ராடு பேரிங் வரிசையில் பின்னால் நிற்கிறது. மெயின் விட்டுக்கொடுத்ததுதான் அதற்குக் கிடைக்கும்.

ஒவ்வொரு பேரிங்கிலும், உள்ளே சுற்றும் கிராங்க் ஜர்னலுக்கும் அதைச் சுற்றிப் பிடிக்கும் பேரிங் ஷெல்லுக்கும் நடுவே விடப்பட்ட மெல்லிய இடைவெளி வழியாக ஆயில் ஓரங்களில் கசிந்து சம்பில் விழுகிறது. கசிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஜர்னலின் விட்டம் ஓர் அங்குலமானால் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தௌ, என்பது பட்டறைகளின் பொதுக் கணக்கு. இரண்டரை அங்குல ஜர்னலுக்கு இரண்டரை தௌ. மில்லிமீட்டரில் சுமார் 0.06. சரியான அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சின்ன இடைவெளியில் ஒரு பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. மெல்லிய சந்து வழியாகப் போகும் ஆயிலின் அளவு, அந்தச் சந்தின் அகலத்துடைய முப்படியைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. தேய்மானம் பார்வைக்குச் சிறியது. கசிவில் அப்படி இல்லை.

நம் டிராக்டர் கதையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். நான்கு மெயின், மூன்று ராடு, ஆக ஏழு துளை. புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றும் ஒரு பங்கு ஆயில் கசியவிட்டதாக வைத்துக்கொண்டால் மொத்தம் ஏழு பங்கு. வருடக்கணக்கில் ஓடி எல்லாமே இரண்டரை தௌவிலிருந்து ஐந்து தௌ ஆகிவிட்டன. ஒவ்வொன்றும் எட்டு, மொத்தம் 56. இப்போது மூன்று ராடு பேரிங்கை மட்டும் மாற்றுகிறோம். அவை மூன்றும் ஒரு பங்குக்குத் திரும்பிவிட்டன. நான்கு மெயின் இன்னும் எட்டிலேயே நிற்கின்றன. நாலெட்டு முப்பத்திரண்டு, கூட மூன்று, முப்பத்தைந்து. ஏழில் இருக்க வேண்டிய கசிவு 56-லிருந்து 35-க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாப் பேரிங்கின் நீள அகலமும் ஒன்றில்லை என்பதால் இது மனக்கணக்குத்தான். ஆனால் திசை சரி. சில்லில் ஏழு துளை பெருத்துப்போய், மூன்றை மட்டும் அடைத்துச் சின்னதாக்கினால் மீதி நான்கு வழியாக மாவு கொட்டாதா? சத்தம் போனது ராடு பேரிங் சரியானதால். முள் ஏறாதது மெயின் சரியாகாததால். இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று எதிர்பார்த்ததில்தான் ஏமாற்றம்.

ஒரு துளை மட்டும் மிகவும் பெருத்திருந்தாலும் நடப்பது தெரிந்ததே. மாவு முழுவதும் அந்த வழியே தடியாக இறங்கும்; மற்றத் துளைகளில் நூல் அறுந்து அறுந்து வரும். எஞ்சினில் இதற்குப் பலியாவது பம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் ராக்கர் ஷாஃப்ட். மேலே ‘டிக் டிக்’ என்று கேட்கிறதே என்று வால்வு இடைவெளியை மட்டும் திருத்திக்கொண்டிருப்பார்கள்; திருட்டு நடப்பது கீழே.

முள் சூட்டில் இறங்குவதற்கும் அடுக்களையிலேயே காரணம் இருக்கிறது. வெந்நீர் விட்டுப் பிசைந்த இடியாப்ப மாவைச் சூட்டோடு பிழிந்துவிட வேண்டும். ஆறினால் இறுகி, உரலைத் திருகுகிறவர் கை ஓய்ந்துவிடும். ஆயிலும் அப்படித்தான், இன்னும் தீவிரமாக. டிராக்டர்களில் ஊற்றும் 15டபிள்யூ-40 வகை ஆயில் 40 டிகிரி செல்சியஸில் சுமார் 110 சென்டிஸ்டோக்ஸ் கெட்டித்தன்மையோடு இருக்கும். 100 டிகிரியில் அது 12.5-க்கும் 16.3-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ தரம். காலையில் ஸ்டார்ட் செய்தபோது இருந்த ஆயில், உச்சி வெயிலில் ஏழெட்டில் ஒரு பங்கு கெட்டிதான். பெருத்த துளையில் கெட்டி மாவும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இளகிய மாவு பிடிக்காது. ஆகவே குளிரில் முள் நன்றாக ஏறியது என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. பிரஷரைப் பார்க்க வேண்டியது எஞ்சின் நன்கு சூடேறி, ஐட்லிங்கில் ஓடும்போது.

மாவு தானாகவே இளகிப்போவதும் உண்டு. டீசல் ஊட்டும் லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலோ, இன்ஜெக்டர் ஒழுகினாலோ டீசல் சம்பில் இறங்கி ஆயிலோடு கலக்கும். அளவுக்குச்சியை எடுத்துப் பாருங்கள். ஊற்றிய அளவைவிட ஆயில் ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், பேரிங்கை ஒரு நாள் ஒத்திவையுங்கள்.

அடுத்தது பம்ப். உரலின் உள்ளே இறங்கும் தட்டு தேய்ந்து, உரல் சுவருக்கும் அதற்கும் நடுவே சந்து விழுந்தால் மாவு கீழே போவதற்குப் பதில் ஓரமாக மேலே பிதுங்கி வரும். பம்பின் ரோட்டரும் மூடியும் தேய்ந்தால் ஆயில் இதே போல உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகும். நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் அளந்தால் ரோட்டருக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேரிங் உடைந்த எஞ்சினில் பம்பைப் பிரித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சம்பிலிருந்து ஆயில் முதலில் ஸ்ட்ரெய்னர் வலைக்கும், அடுத்துப் பம்புக்கும், அதன் பிறகே ஃபில்டருக்கும் போகிறது. வலையின் கண் பெரியது. பழைய பேரிங்கிலிருந்து உதிர்ந்த உலோகத் தூளை முதலில் மெல்லுவது பம்ப்தான். ஃபில்டர் காப்பாற்றுவது தனக்குப் பின்னால் இருப்பவர்களை.

உரலில் இல்லாத ஓர் உறுப்பு எஞ்சினில் உண்டு: ரிலீஃப் வால்வு. பிரஷர் ஓர் அளவைத் தாண்டினால், டிராக்டர்களில் சுமார் 4 கிலோவை ஒட்டி, ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்து மிகுதி ஆயிலைச் சம்புக்கே திருப்பிவிடும். (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பதைத்தான் ஷெட்டில் ‘கிலோ’ என்கிறார்கள், அது 14.2 பிஎஸ்ஐ.) பழைய பேரிங்கின் ஒரு துகளோ, சம்பை ஒட்ட அப்பிய சிலிக்கான் பசையின் ஒரு துணுக்கோ வால்வின் வாயில் சிக்கினால் அது மூடாமல் நிற்கும். அப்போது குளிரிலும் முள் ஏறாது. இங்கே ஒரு குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரை வைத்து இறுக்குவார்கள். வாஷர் வைத்தால் உச்ச பிரஷர் கூடும். ஆனால் சூடான ஐட்லிங்கில் பிரஷர் அரை கிலோவுக்கு வந்துவிட்ட எஞ்சினில் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் கிடக்கிறது. மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாளா?

இடியாப்ப உவமை இன்னோர் இடத்திலும் கைவிடும். அதைச் சொல்லாமல் விட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். பேரிங்கில் கிராங்கைத் தாங்கி நிற்பது கேஜ் காட்டும் பிரஷர்தான் என்று நினைக்கத் தோன்றும். 1883-இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் அந்தத் துளை வழியாக மேலே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையைத் தள்ளி வெளியே எறிந்தது. பிரஷர் கேஜைப் பொருத்தினார். பேரிங்கின் மேல் சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். கேஜோ 200-ஐத் தாண்டி ஓடியது. பம்ப் எதுவும் அங்கே இல்லை. சுற்றுகிற அச்சு தானே ஆயிலை ஆப்பு வடிவில் இழுத்துச் சென்று அந்த அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். எஞ்சினின் பம்ப் செய்வது ஒன்றுதான்: அந்த ஆப்புக்கு ஆயில் தீராமல் பார்த்துக்கொள்வது, கூடவே சூட்டை வெளியே கொண்டுபோவது. ஆகவே கேஜ் உயரமாக நிற்பதாலேயே பேரிங் சுகமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மெயின் பேரிங்கில் மேல் ஷெல்லில் துளை இருக்கும். கீழ் ஷெல்லில் பல எஞ்சின்களில் இருக்காது. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆயில் வரும் வழி அடைந்துவிடும். கசிவு குறைவதால் முள் ஜோராக ஏறும். அந்த மெயினும் அதைச் சார்ந்த ராடும் சீக்கிரமே எரிந்துபோகும்.

முள்ளை எப்படி வாசிப்பது

முதலில் முள்ளையே சந்தேகப்பட வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் எலக்ட்ரிக் கேஜும் சென்சாரும் பொய் சொல்லும். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 கிலோ, என்பது பழைய மெக்கானிக்குகளின் அளவுகோல். கையேட்டு எண் கிடைத்தால் அதுவே மேல். எச்சரிக்கை விளக்கை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல எஞ்சின்களில் அந்த விளக்கு எரிவதே பிரஷர் சுமார் அரை கிலோவுக்கும் கீழே போன பிறகுதான்.

குளிரில் நன்றாக ஏறி, சூட்டில் ஐட்லிங்கில் மட்டும் விழுந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மீண்டும் ஏறினால் துளை பெருத்திருக்கிறது. பேரிங் இடைவெளியைப் பாருங்கள். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி தாழ்ந்தே கிடந்து, வேகம் கூட்டினாலும் அசையாமல் இருந்தால் ரிலீஃப் வால்வு அல்லது பம்ப். வேகம் கூட்டும்போது முள் ஆடினால், அல்லது ஏறாமல் இறங்கினால், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறது.

இந்தக் கடைசி வகைதான் பேரிங் மாற்றிய கையோடு அதிகம் வருவது. காரணமும் எளிது. பேரிங்கைத் தொட வேண்டுமானால் சம்பைக் கழற்ற வேண்டும். பல எஞ்சின்களில் ஸ்ட்ரெய்னர் குழாயையும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது குழாயின் ஓ-ரிங்கோ பேக்கிங்கோ பழையதையே போட்டிருப்பார்கள், அல்லது மறந்திருப்பார்கள். மாவுக்கு நடுவே காற்றுக் குமிழ் இருந்தால் உரலில் என்ன ஆகும்? திருகிக்கொண்டே இருக்கும் கை திடீரென்று வெறுமையாக இறங்கும். அதே கதை. சம்புக்குத் தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசையும் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, நேராக ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பேரிங் வேலைக்கு முன்பு இருந்ததைவிடப் பிரஷர் மோசமாகிவிட்டது என்றால் நான் பேரிங்கைச் சந்தேகப்பட மாட்டேன். முதலில் இந்தக் குழாயைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சொட்டு எண்ணும் சோதனை

கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எஞ்சினை ஓட்டாமலேயே எந்தத் துளை பெருத்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம். அழுத்தம் தாங்கும் ஒரு சின்ன டாங்கில் 30-ஆம் எண் ஆயிலை நிரப்பி, ஹோஸ் மூலம் பிளாக்கில் சென்சார் இருந்த துளையில் இணைக்க வேண்டும். டாங்குக்குக் காற்றை ரெகுலேட்டர் வழியாக 25 பிஎஸ்ஐ அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். பாறைக்குக் கொடுக்கிற 7 கிலோக் காற்றை நேராகத் திறந்துவிட்டால் டாங்கும் ஆளும் மிஞ்சுவது கஷ்டம். சம்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள்.

ஒவ்வொரு பேரிங்கின் ஓரத்திலிருந்தும் ஆயில் சொட்டும். நிமிடத்துக்கு 20 சொட்டிலிருந்து 150 சொட்டு வரை சரி. 20-க்கும் குறைந்தால் இடைவெளி போதாது, அல்லது வழி அடைத்திருக்கிறது. எண்ண முடியாமல் ஒழுக்காக ஊற்றினால் அந்தப் பேரிங்தான் திருடன். அவசரப்படவும் கூடாது. கிராங்கின் துளையும் ஷெல்லின் துளையும் நேருக்கு நேர் வரும் கணத்தில் நல்ல பேரிங்கிலும் ஆயில் கொஞ்சம் பீறிடும். கிராங்கைக் கையால் சற்றுத் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். கேலரியைச் சுத்தம் செய்யக் கழற்றிய பிளக்கை யாராவது மாட்ட மறந்திருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும். ஒரு மணி நேர வேலை. ஊகத்தில் பம்ப் வாங்கும் காசு மிச்சம்.

திருடன் புதிதாகப் போட்ட ராடு பேரிங்காகவே இருந்தால்? அப்போது கேள்வி பேரிங்கை விட்டு ஜர்னலுக்குப் போகிறது. சில்லைப் புதிதாக வாங்கிவிட்டு உரலின் உதடு கோணியிருப்பதைப் பார்க்காமல் விட்டதைப் போலத்தான். கிராங்க் ஜர்னலை மைக்ரோமீட்டரால் குறைந்தது நான்கு இடத்தில் அளக்க வேண்டும்: இரண்டு ஓரம், ஒவ்வோர் ஓரத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அளவு. வட்டம் முட்டையாகியிருந்தாலோ ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ எந்தப் புதுப் பேரிங்கும் அதில் சரியாக உட்காராது. நாகர்கோவில் லேத் பட்டறைக்கு அனுப்பிக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவதே வழி. பேரிங்கின் முதுகில் அளவு குத்தியிருக்கும்: ஸ்டாண்டர்டு, 010, 020 அல்லது மெட்ரிக்கில் 0.25, 0.50. முந்தைய உரிமையாளர் காலத்திலேயே பத்து தௌ கிரைண்டிங் ஆன கிராங்கில் இப்போது ஸ்டாண்டர்டு பேரிங்கைப் போட்டால் இரண்டரை தௌ இடைவெளி பன்னிரண்டரை ஆகிறது. ஐந்து மடங்கு, முப்படியில் 125 மடங்கு கசிவு. கழற்றிய பழைய ஷெல்லின் முதுகைத் துடைத்துப் படிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

மைக்ரோமீட்டர் கையில் இல்லாதவர்கள் பிளாஸ்டிகேஜ் வாங்கலாம். மெழுகு போன்ற நூல். ஜர்னலின் மேல் ஒரு துண்டு வைத்து, பேரிங்கை மூடும் கேப்பைக் கையேடு சொன்ன டார்க்கில் இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் மறுபடி கழற்றினால் நூல் நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லும். பச்சை நிற நூல் ஒரு தௌவிலிருந்து மூன்று தௌ வரை அளக்கும். நமக்கு வேண்டியது அதுவே. ஆயில் இல்லாமல் துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.

இடைவெளி அதிகம் என்று தெரிந்ததும் கேப்பின் ஓரத்தை அரத்தால் ராவி இறுக்கிவிடுகிற பழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. ராவினால் மேலும் கீழும் இடைவெளி குறையும், பக்கவாட்டில் குறையாது. வட்டம் கெட்டுப்போகும். கேப்பும் ராடும் ஒன்றாக மாட்டி வட்டமாகக் குடைந்தவை. அதனால்தான் இரண்டிலும் ஒரே எண் குத்தியிருக்கிறது. எண் மாறியோ, பக்கம் திருப்பியோ மாட்டினாலும் இதே கெடுதல்தான். கல்லில் அரை நூல் பிசகைக் கண்ணால் கண்டுபிடிக்கிறவர்கள் வாழும் ஊரில் இந்த ராவல் வேலை நடக்கவே கூடாது.

மயிலாடிக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. கருங்கல் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவுகோலில் 7. பேரிங்கின் மேல்பூச்சு அதற்கு முன் வெறும் மென்மை. வேண்டுமென்றேதான் மென்மையாக வைத்திருக்கிறார்கள், சின்னத் துகள் வந்தால் ஜர்னலைக் கீறாமல் அதை உள்ளே புதைத்துக்கொள்ள. ஆனால் அந்தப் பூச்சின் தடிமன் 0.02 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதைவிடப் பெரிய துகளை அதனால் விழுங்க முடியாது, ஜர்னலைக் கீறும். கல் அறுக்கிற பட்டறைக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், சம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேரிங் வேலை பார்த்தால் புதுப் பேரிங்கின் ஆயுள் அங்கேயே பாதியாகிவிடும். ஷெல்லின் முதுகுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு துளி பொடி சிக்கினாலும் அந்த இடம் மேடாகி இடைவெளி தாறுமாறாகும். வண்டியைக் காற்றடிக்காத மூடிய இடத்துக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டர் குழாயின் கிளாம்பையும் அன்றே பாருங்கள். பொடி உள்ளே வந்த வழி பெரும்பாலும் அங்கேதான் திறந்திருக்கும்.

கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறுமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏறும். 20டபிள்யூ-50 ஊற்றி இன்னும் ஒரு சீசனை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் தெரிந்தே செய்கிறார் என்றால். மாவை இறுக்கிப் பிசைந்து பெருத்த துளையைச் சமாளிப்பது அது. துளை சின்னதாகவில்லை, காலையில் குளிர்ந்த எஞ்சினில் அந்தக் கெட்டி ஆயில் ராக்கர் வரை போய்ச்சேர இன்னும் நேரம் எடுக்கும்.

எல்லாம் முடித்து மாட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பிரித்துப் போட்ட பம்பின் உள்ளே காற்றுத்தான் இருக்கிறது. மாட்டும்போதே அதில் ஆயில் ஊற்றி நிரப்பியிருக்க வேண்டும். ஃபில்டரையும் நிரப்பியே மாட்ட வேண்டும். ஸ்டாப் நாபை இழுத்து டீசலை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கல் கேஜைப் பார்த்துக்கொண்டே ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுற்றி, நிறுத்தி, மோட்டார் ஆறியதும் மறுபடி சுற்றுங்கள். முள் அசையும் வரை டீசலைத் திறக்கக் கூடாது. நாலைந்து தடவை சுற்றியும் அசையவில்லை என்றால் சம்பை மறுபடி இறக்கி ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டியதுதான். ஓடத் தொடங்கியபின், சூடான ஐட்லிங்கில் முள் எத்தனை கிலோவில் நிற்கிறது என்று எழுதி, தேதி போட்டு, டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் இரண்டாவது எண்ணை எழுதுங்கள்.